மிஞ்சிய ஒரு சொல்

நவநீதனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். பதப்படுத்திய தோலை மிஷினில் கொடுத்து, எல்லா இடமும் ஒரே கனமாக வரும்படி சீவி எடுப்பது அவன் வேலை. போன வருடம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. வயது நாற்பத்து மூன்று.

வேலூரில் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் பேச்சில்லாமல் கிடந்தான். பன்னிரண்டாவது நாள் காலை, அவன் மனைவி ஹேமலதா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் உதடு அசைந்தது.

"ஸ்தோத்திரம்" என்றான்.

ஹேமலதா துணியைப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவனிடம் பேசிப் பார்த்தாள்.

"உங்க பேர் என்ன?"

"ஸ்தோத்திரம்."

"இவங்க யாரு, உங்க பக்கத்துல நிக்கிறாங்களே?"

"ஸ்தோத்திரம்."

டாக்டர் பேனாவை எடுத்துக் காட்டினாள். அவன் பேனாவையே பார்த்தான். வாயை வேறு மாதிரி கூட்டிப் பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்தது. அப்போதும் அதே சொல்தான் வந்தது. தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கண் நிரம்பி, காதுப் பக்கம் வழிந்தது.

வெளியே வராந்தாவில் டாக்டர் ஹேமலதாவிடம் விளக்கிச் சொன்னாள். "பேசறதுக்கான எடத்துலயே அடிபட்டிருக்கும்மா. மனசுல நெனைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. தினம் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை ஒண்ணு ரெண்டு சில பேருக்கு அப்படியே நின்னுடும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை கூட நிக்கும். இவருக்கு இது நின்னிருக்கு."

"மத்த பேச்செல்லாம் வருமா டாக்டர்?"

"ஆறு மாசத்துக்குள்ள வந்தா வரும். பயிற்சி குடுங்க."

ஹேமலதா பயிற்சி கொடுத்தாள். தட்டைக் காட்டி 'தட்டு' என்றாள். தன்னைக் காட்டி 'ஹேமா' என்றாள். ஆறு மாதம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். நிலக்கடலை போடுகிற குடும்பங்கள். கல்யாணம் ஆனதும் ஆம்பூருக்கு வந்து, அவன் தோல் கம்பெனியிலும் அவள் ஷூ கம்பெனியிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த நாட்களில் நவநீதன் முணுமுணுப்புக்காரன். சோறு சூடாக இருந்தால் சூடு என்று திட்டுவான், ஆறியிருந்தால் ஆறிப்போச்சு என்று திட்டுவான். கல்யாணமாகி மூன்றாவது வருடம் ஏழு மாதத்தில் குழந்தை செத்தே பிறந்தது. அதன் பிறகு வேறு குழந்தை உண்டாகவில்லை. அவன் திட்டுவதையும் நிறுத்திவிட்டான். வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

கூட வேலை செய்த ஒருவர் ஒருநாள் அவனை பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனார். ஷீட் போட்ட சின்ன இடம். திரும்பி வந்தவன் அவளிடம் சொன்னான்:

"இன்னிக்கி நடந்த நல்லது ஒண்ணைச் சொல்லுங்கன்னு அந்த பாஸ்டர் எல்லாரையும் கேட்டாரு ஹேமா. எனக்கு ஒண்ணும் வரல. எல்லாரும் சொல்லி முடிச்சிட்டாங்க. நான் மட்டும்தான் பாக்கி. என்னைப் பாத்துக்கினே உக்காந்திருக்காங்க. கடைசியில, வர்ற வழியில பஸ்ஸுல உக்கார எடம் கெடைச்சுதுன்னு சொன்னேன். அதுக்குப் போயி எல்லாரும் ஸ்தோத்திரம்னு சத்தம் போடறாங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவள் அவன் சிரித்துப் பார்த்து.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. கரண்ட் வந்தால் ஸ்தோத்திரம். குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம். ரசம் நன்றாக இருந்தால் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வான். வைத்தது நான், நன்றி மேலேயா என்று அவள் கேட்பாள். இரண்டு வருடம் கழித்து அவளும் ஞானஸ்நானம் எடுத்தாள். அவன் சிரிப்பை நம்பிப் போனாள். ஆண்டவரை நம்பிப் போனாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இப்போது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவன் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது. பசிக்கும் அதுதான். கால் இழுத்துப் பிடித்தாலும் அதுதான். மூத்திரம் வந்தாலும் அதுதான்.

ஹேமலதா வேலையை விட முடியாது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும்; திரும்ப ஆறரை ஆகும். பகலில் பக்கத்து வீட்டுச் சைரா பார்த்துக்கொண்டாள். சைரா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுக்கிறவள். ஊசி நூலோடு வந்து நவநீதன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். "எங்க உக்காந்து தைச்சா இன்னா அக்கா, இங்க காத்து வருது" என்பாள்.

நவநீதனின் அண்ணன் தணிகைவேல் ஊரிலிருந்து ஒருமுறை வந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நவநீதன் அவரைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றான். அவர் கையை விட்டுவிட்டார்.

"குலதெய்வத்தை விட்டான். இப்போ என் பேரு கூட வாயில வரல, பாத்தியா?" என்றார். "ஊருக்குக் கூட்டினு வாம்மா. ஒரு பூசை போட்டுப் பாக்கலாம்."

"அவருக்கு சொல்லத் தெரிஞ்சா போவாரா மாட்டாரான்னு சொல்வாரு மாமா. எனக்குத் தெரியல" என்றாள் ஹேமலதா. அவர் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சைராவுக்குப் பேர்ணாம்பட்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஹேமலதா லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. சூடான கஞ்சியை ஃப்ளாஸ்கில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, அவன் இடது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் தெருவில் நுழையும்போதே எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டுச் சொன்னாள்:

"இன்னிக்கி உன் வூட்டுக்காரு நல்லா ஜெபம் பண்ணாரு ஹேமா. தெரு முனை வரிக்கும் கேட்டுச்சு. ரொம்ப நேரம் பண்ணாரு."

ஹேமலதா உள்ளே போனாள். ஃப்ளாஸ்க் கவிழ்ந்து கிடந்தது. லுங்கி தொடையோடு ஒட்டியிருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக உரித்தபோது, தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அவன் கத்தக்கூட இல்லை. தொண்டை கட்டிப் போயிருந்தது.

புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் ஜெபவீட்டுக்காரர்கள் வந்து போனார்கள். நல்லவர்கள்தான், பழம் கொண்டு வந்தார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். ஆனால் நவநீதன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் முகம் மலர்ந்தது. "எல்லாம் போயும் ஸ்தோத்திரம் போகல பாத்தீங்களா சிஸ்டர், இது எவ்ளோ பெரிய சாட்சி!" என்றார்கள். இது சாட்சி இல்லை, மூளையில் அடிபட்டது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று ஹேமலதாவுக்குத் தெரியவில்லை.

ஜெபவீட்டுப் பாஸ்டர் ஜெயப்பிரகாஷ் வைகாசியில் ஒரு கேள்வியோடு வந்தார். வாணியம்பாடி ரோட்டில் மைதானத்தில் மூன்று நாள் ஸ்தோத்திரக் கூட்டம். கடைசி நாள் சாயங்காலம் நவநீதனை மேடைக்குக் கூட்டி வர முடியுமா?

"அவ்ளோ ஜனம் ஒண்ணா கைநீட்டி ஜெபம் பண்ணா, ஆண்டவர் சும்மா இருப்பாரா சிஸ்டர்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் ஒத்துக்கொண்டாள். ஆறு மாதக் கெடு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இருந்தாலும், ஒருவேளை.

வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மேடையில் வைத்தார்கள். பந்தல் நிறையக் கூட்டம். அவன் வாய்க்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனார்கள். நவநீதன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மேடையின் ஓரத்தில் நின்ற ஹேமலதாவைத் தேடிப் பார்த்தான்.

"ஸ்தோத்திரம்" என்றான்.

பந்தலே எழுந்து நின்றது. "அல்லேலூயா!" என்ற சத்தம் அலையாக வந்தது. அவன் மறுபடியும் சொன்னான், இன்னும் சத்தமாக. அவர்களும் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அவன் குரல் கிறீச்சிட்டது. இடது கை நாற்காலிக் கையைத் தட்டியது. அந்தக் குரலை ஹேமலதாவுக்குத் தெரியும். அவள் ஓடினாள். வழியில் டிரம் வாசிக்கிறவரும் மைக் வயரும் ஆட்களும் இருந்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் வேட்டி நனைந்து, நாற்காலிக்குக் கீழே தண்ணீர் பரவிவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், அதே சொல்லை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

அன்றோடு ஹேமலதா ஜெபவீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஜெபத்தையும் நிறுத்தினாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. அடுப்பில் சோறு கொதிக்கிறது. பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம்தான். நவநீதன் கூப்பிட்டான். தண்ணீர் கொடுத்தாள், தலையை ஆட்டினான். மூத்திரப் பாத்திரம் வைத்தாள், அதுவும் இல்லை. தலையணையைச் சரிசெய்தாள், அதுவும் இல்லை. அடுப்பிடம் போனதும் மறுபடி கூப்பிட்டான். சோறு பொங்கி வழிந்தது. அவள் திரும்பி வந்து, தன் உள்ளங்கையால் அவன் வாயை அழுத்தி மூடினாள்.

"போதும். அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. யாருக்கு ஸ்தோத்திரம்? எதுக்கு ஸ்தோத்திரம்? இதுக்கா? இந்தப் பொழப்புக்கா?"

அவன் மூச்சுக் காற்று அவள் கையில் சுட்டது. கண்கள் அவளையே பார்த்தன. கையை எடுத்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் ஹார்ன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்ததும் சைரா சொன்னாள்: "அண்ணன் இன்னிக்கி வாயே தொறக்கல அக்கா. காய்ச்சலா இன்னான்னு தொட்டுப் பாத்தேன். இல்ல."

மறுநாளும் அவன் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பசித்தால் கேட்கவில்லை, ஊட்டினால் நாலு வாய் வாங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நனைந்தாலும் கூப்பிடவில்லை, அவளாகத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதுகில் புண் வர ஆரம்பித்தது. "சொல்லுங்க. சும்மா கோவத்துல சொல்லிட்டேன். சொல்லுங்க" என்று கெஞ்சினாள். அவன் சுவரைப் பார்த்தான், குழந்தை செத்த பிறகு பார்த்த மாதிரி.

பாஸ்டர் ஜெயப்பிரகாஷ் வந்தார். மேடையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். "என்கிட்ட எதுக்கு? அவர்கிட்ட கேளுங்க" என்றாள். அவர் தரையில் முழங்காலிட்டு நவநீதனின் காலருகே தலையைக் குனிந்து, "என்னை மன்னிச்சிடு தம்பி. உன்னைப் பாக்கல நான், கூட்டத்தைப் பாத்துட்டேன்" என்றார். நவநீதன் திரும்பவில்லை. பாஸ்டர் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்கவும் தயங்கி, அப்படியே எழுந்து போனார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து முன்கூட்டியே இறங்கி, பாலாற்றுப் பாலத்தின் மேல் ஹேமலதா நின்றாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும், நடுவில் ஒரு கறுத்த ஓடையும். சீக்கிரம் செத்துவிட்டால் அவருக்கும் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகுதான் அதைத் தான் நினைத்தது என்று புரிந்தது. ஜெபம் செய்யலாம் என்று வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு நடந்தாள்.

வாசற்படியில் சைரா தைத்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். வாயைப் பொத்தியதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சைராவின் ஊசி நின்றது.

"அதான் நின்னுபோச்சா" என்றாள். "நான் வேற இன்னாவோன்னு நெனைச்சேன். காலையில அந்த சத்தம் கேக்காம எனக்கே பேஜாரா இருக்குது."

"எந்த சத்தம்?"

"நீ கேட்டதில்லையா? ஆமா, நீ எங்க கேட்ட, நீ கம்பெனிக்குப் போய்ட்ற. பத்தரை மணிவாக்குல அந்த ஜன்னல் வழியா வெயில் வரும் அக்கா. அண்ணன் அந்த நல்ல காலை நகத்தி நகத்தி வெயில்ல வெப்பாரு. அப்புறம் நல்ல கையால வெளங்காத காலையும் இழுத்து வெச்சிப்பாரு. ரொம்ப நேரம் ஆவும் அதுக்கு. வெச்சிட்டு, மெதுவா ஒருவாட்டி சொல்வாரு. ஒரேவாட்டிதான். பசிக்குச் சொல்றது வேற, வலிக்குச் சொல்றது வேற, எனக்குத் தெரியாதா? நான் பக்கத்துல இருந்து கேக்கறவதான? இது யாரையும் கூப்பிடறது இல்ல. மொதல்ல நான் எழுந்து போயி இன்னா அண்ணான்னு கேப்பேன். ஒண்ணும் வேணாம்னு தலையாட்டுவாரு. சிரிப்பாரு."

"சிரிப்பாரா?"

"இந்தப் பக்க வாய் மட்டும்."

ஹேமலதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் சிரிப்பான் என்பது அவளுக்குத் தெரியாது. பதினொரு மாதமாக அவனைக் கழுவி, ஊட்டி, புரட்டிப் போட்டவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவள் தினமும் தையல் மிஷின் முன்னால் குனிந்து டார்கெட்டை முடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு சந்தோஷம். அதையும் தன் கையாலேயே பொத்தியாயிற்று.

வந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியாக இறங்கி, போர்வையின் ஓரத்துக்கு வந்தது. நவநீதன் காலை நகர்த்தவில்லை. அவள் அவனுடைய இரண்டு கால்களையும் எடுத்து வெயிலில் வைத்தாள். பாதங்கள் சில்லென்று இருந்தன. கொஞ்ச நேரத்தில் சூடேறின. அவள் வாயைத் திறந்தாள். வெளியே வர மறுத்தது. வருடக்கணக்காகக் கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்ன சொல்தான். தனியாக, ஒன்றைப் பார்த்து, அவள் அதைச் சொன்னதே இல்லை.

"உங்க கால் சூடாச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

ஐந்து ஞாயிறு அப்படியே போயின. மற்ற நாட்களில் சைரா அவன் கால்களை வெயிலில் எடுத்து வைத்தாள். ஹேமலதா கம்பெனியில் பத்தரை மணிக்கு மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்துவாள். அன்றைக்கு ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுவாள். ஊசி உடையவில்லை. சைரா இருக்கிறாள். முதுகுப் புண் காய்ந்திருக்கிறது. சில நாட்கள் கிடைக்கும். பல நாட்கள் கிடைக்காது. கிடைக்காத நாளில், "இன்னிக்கி இல்ல ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு மிஷினை மறுபடி ஓட்டுவாள். அது ஜெபமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பாலத்தின் மேல் நின்ற நாளுக்குப் பிறகு அவள் ஆண்டவரிடம் பேசிய பேச்சு அதுதான்.

ஆறாவது ஞாயிறு அவள் வெளியே துணி பிழிந்துகொண்டிருந்தாள். நேரத்தை மறந்துவிட்டாள். உள்ளேயிருந்து கேட்டது. மிக மெதுவாக, ஒரே தடவை. பசியில்லை, வலியில்லை.

அவள் ஓடவில்லை. ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவன் எதற்காகச் சொன்னான், உண்மையில் நன்றிதானா, அல்லது அடிபட்ட மூளை தானாகக் கக்குகிற பழைய சத்தம்தானா என்று அவளால் சொல்ல முடியாது. அந்த டாக்டரைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பாள். ஹேமலதா கேட்கப்போவதில்லை. பிழியாத புடவையை அப்படியே கொடியில் போட்டாள். தனக்கு வந்தது துக்கமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் ஒருநாள் ஜெபவீட்டுக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். சாட்சி சொல்கிற நேரம் வந்தது. வேலை கிடைத்தது, பரீட்சையில் பாஸ், கட்டி கரைந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வூட்டுக்காருக்கு இனிமே சரியாவாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். "நான் ரொம்ப நாள் ஆண்டவர் மேல கோவமா இருந்தேன். இன்னும் கோவம் போகல. ஆனா தினமும் காலையில அவரு காலு மேல கொஞ்ச நேரம் வெயில் படுது. அதுக்கு மட்டும் ஸ்தோத்திரம். வேற ஒண்ணும் இல்ல."

யாரும் சத்தம் போடவில்லை. பாஸ்டர் ஜெயப்பிரகாஷ் தலையை மட்டும் அசைத்தார். கூட்டம் முடிவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். சைராவைப் பன்னிரண்டு மணிக்கு விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

வானம் மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது நவநீதன் தலையணையிலிருந்து வழுக்கி, கழுத்து மடங்கிக் கட்டிலின் பாதிக்கு இறங்கிக் கிடந்தான். சைராவால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஹேமலதா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"நீ இடுப்பைப் புடிச்சிக்கோ சைரா. நான் சொன்னதும் ஒண்ணா தூக்கணும்."

"புடிச்சிட்டேன் அக்கா."

"தூக்கு" என்றாள். தூக்கினார்கள்.